அந்த மூணு செகண்டு

ஜூன் 3, திங்கள்

எழுதிக் கொடுத்துட்டேன். முழுசா ரெண்டு பக்கம்கூட இல்லை.

சனிக்கிழமை செங்காட்டுப்புதூர் பால் சங்கத்துல ஆயிரத்தெண்ணூறு லிட்டர் பாலைச் சாக்கடையில கொட்டிட்டாங்க. காலையில பால் ஊத்தற நேரத்துல கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டர் போட்டும் எங்க மெஷின் ஓடலை, பால் குளிரலை, மத்தியானம் வந்த டேங்கர்காரன் மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டானாம். உடனே பழி யார் மேல? கோயமுத்தூர்ல உட்கார்ந்து கன்ட்ரோலர் போர்டு செய்யற எங்க மேல.

மெஷின் தானா எழுதி வெக்கற குறிப்பு, அதான் லாக், அதைத் திறந்து பாத்தேன். காலை 6.50-க்கு கரண்ட் போனது இருக்கு. அப்புறம் கரண்ட் திரும்பி வந்த 11.20 வரைக்கும் ஒரு வரிகூட இல்லை. மெஷின் உசுரோட இருந்தா நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதும். எழுதலைன்னா ஆன் பண்ணலைன்னு அர்த்தம். இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி? "இயக்குபவர் மெஷினை ஆன் செய்யவில்லை"ன்னு எழுதி, கீழே சசிரேகான்னு கையெழுத்தும் போட்டேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

லோகநாதன் சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "இதான் சசி, இப்படித்தான் எழுதணும், ரெண்டே பேராவுல"ன்னாரு. எங்க கம்பெனி மேனேஜர் அவரு. ஜூலை ஒண்ணாந்தேதி டீம் லீடு யாருன்னு சொல்லப்போறாங்க. எனக்கு அதுல பெருசா ஆசையெல்லாம் கிடையாது.

கேஸ் புக் பண்ணணும். அம்மா மூணு நாளா சொல்லிட்டிருக்கா.

ஜூன் 5, புதன்

மெஷின்ல ஒட்டியிருக்கற சர்வீஸ் நம்பர் இந்த வாரம் என் போனுக்கு வருது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தப்ப அடிச்சுது.

"சங்கத்துல மெஷின் பாக்கற மாராத்தா பேசறனுங்க. அந்தக் காயிதம் எழுதினது நீங்கதானுங்களா?"

ஆமாங்கன்னேன்.

"ஏனுங்க அம்மிணி, நான் பால்ல கைவெச்சு இருவத்திரண்டு வருசமாச்சுங்க. எனக்கு ஒரு சுச்சுப் போடத் தெரியாதுங்களா? அஞ்சு தடவ போட்டனுங்க. அஞ்சு தடவையும் படம் வந்துச்சு, ஓட்டம் வரலீங்க."

"படம் வந்தா ஓடியிருக்கும்க்கா. ஓடியிருந்தா எங்களுக்குத் தெரியும்."

"அப்ப நான் பொய் சொல்றனாக்கும்?"

ஆறாவது தடவை ஏன் போட்டுப் பாக்கலைன்னு மட்டும் கேட்டேன். அவங்களுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "தொட்டுத்தொட்டு ஆன் பண்ணினா கம்ப்ரெசர் பொகைஞ்சிரும்னு மெரட்டிட்டுப் போனது உங்க ஆளுதானுங்க! மூணு தடவ இதே நம்பருக்குக் கூப்பிட்டேன், எடுக்க நாதியில்ல. இருவத்தொண்ணாந்தேதி கமிட்டி கூடுது. என்னை வேலைய விட்டு எடுக்கறதுக்கு. உங்க காயிதத்த வெச்சுத்தான் எடுக்கறாங்க. அதையாச்சும் தெரிஞ்சுக்கங்க"ன்னு வெச்சுட்டாங்க.

நான் என்ன பண்ண முடியும்? லாக் சொன்னதை நான் எழுதினேன்.

ஜூன் 6, வியாழன்

படம். அந்தப் படத்தைப் போடறது நான் எழுதின புரோகிராம், பூட்லோடர். காலையில பல்லு விளக்கறப்ப ஞாபகம் வந்துச்சு.

ஜூன் 8, சனி

எனக்கு நானே ஒழுங்கா எழுதிக்கறேன், அப்பத்தான் மண்டையில ஏறும்.

கரண்ட் வந்ததும் போர்டுல முதல்ல முழிக்கறது பூட்லோடர். சின்ன புரோகிராம். அது முழிச்சு, திரையில பசுமாடு படம் போட்டு, லினக்ஸ்ங்கற பெரிய புரோகிராமை எழுப்பி விட்டுட்டு ஒதுங்கிக்கும். அப்புறம் லினக்ஸ்தான் கம்ப்ரெசரை ஓட்டும், லாக் எழுதும். ஆக, படம் வந்து லாக் வரலைன்னா, பூட்லோடர் முழிச்சுது, லினக்ஸ் முழிக்கலை. ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ நின்னிருக்கு. அந்த நடுப்பகுதி முழுக்க நான் எழுதினது. வேற ஒருத்தர் கையும் படலை.

ஆனா அதெல்லாம் அந்தம்மா சொல்றது நிஜம்னாத்தானே?

இன்னிக்கு ஆபீஸ் பெஞ்சுல ஒரு போர்டை வெச்சு இருநூறு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணினேன். கட்டைவிரல் வீங்கிப்போச்சு. இருநூறு தடவையும் சமத்தா லினக்ஸ் வரைக்கும் ஏறிச்சு. பக்கத்து சீட்டு பாசித், அவன்தான் போர்டோட சர்க்யூட் வரையறவன், எட்டிப் பாத்துட்டு, "தொப்புள்கொடியை மாட்டிட்டுத்தானே பாக்கறே?"ன்னான். லேப்டாப்புக்கும் போர்டுக்கும் நடுவுல போற ஒயருக்கு எங்க ஆபீஸ்ல அதான் பேரு. போர்டு என்ன பேசுதுன்னு அது வழியாத்தான் தெரியும், நாம பேசறதும் அது வழியாத்தான் உள்ளே போகும். அதில்லாம எங்க பெஞ்சுல ஒரு போர்டும் ஏறினதில்லை. "பின்னே, காதை மூடிக்கிட்டா பாப்பாங்க?"ன்னேன்.

இருநூறுக்கு இருநூறு. என் மேல தப்பில்லை.

கேஸ் வந்துடுச்சு.

ஜூன் 10, திங்கள்

லோகநாதன் சார் கேட்டாரு, "முடிஞ்சுபோன ரிப்போர்ட்டை ஏம்மா நோண்டறே?" சும்மாதான் சார்னேன். எனக்கே எரிச்சலா இருக்கு. இருநூறு தடவை பாத்தாச்சு, இன்னும் ஏன் அந்தம்மா குரல் காதுல நிக்கணும்?

ஜூன் 12, புதன்

லீவு போட்டுட்டு செங்காட்டுப்புதூர் போனேன். அம்மாகிட்ட அன்னூர்ல ஒரு கல்யாணம்னு சொன்னேன். "யாரு கல்யாணம்?"னா. ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒருத்தின்னேன். "அவளுக்கே ஆயிடுச்சா?"ன்னா. இதுக்கு நான் உண்மையையே சொல்லியிருக்கலாம்.

மாராத்தா அக்காவை ஒல்லியா, சோர்ந்துபோன ஆளா நினைச்சு வெச்சிருந்தேன். வாசல்ல நின்னது அப்படியில்லை. நல்ல வாட்டசாட்டம், பால் கேனை ஒத்தைக் கையில தூக்கி வெக்கறாங்க. என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"காயிதத்துல கையெழுத்துப் பெருசா இருந்துச்சு. ஆளு இத்துனூண்டா இருக்கீங்க"ன்னாங்க. அப்புறம் மோர் குடுத்தாங்க.

லேப்டாப் எடுத்தேன், ஒயரைச் சொருகினேன், ஜெனரேட்டர் போடச் சொன்னேன். போன மாசம்தான் வாங்கின புது ஜெனரேட்டர், டமடமன்னு காது கிழியுது. பத்து தடவை மெஷினை ஆன் பண்ணினேன். பத்தும் ஏறிச்சு. அக்கா முகத்தைப் பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. "நீங்க வந்தாப் போதும், எங்கூட்டு மருமவ மாதிரி நல்லபுள்ள ஆயிருது"ன்னு மெஷினைப் பாத்துத் திட்டினாங்க.

மூட்டை கட்டிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். மனசுல ஒரு நிம்மதி. அதை எழுதத்தான் வேணும், நிம்மதியாத்தான் இருந்துச்சு.

போன். "அம்மிணி, ஜெனரேட்டர்ல திரும்பவும் போட்டுப் பாத்தனுங்க, நின்னுபோச்சுங்க! படம் நிக்குது. ஓடியாங்க!"

வெயில்ல ஓடினேன். நிஜமாவே நிக்குது. பசுமாடு சிரிச்சிட்டு நிக்குது, உள்ளே ஒரு சத்தமில்லை. மெஷினை ஆஃப் பண்ணாம அப்படியே ஒயரைச் சொருகி, லேப்டாப்புல என்டர் தட்டினேன். பூட்லோடர் பதில் சொல்லிச்சு. கட்டளைக்காகக் காத்துட்டு உட்கார்ந்திருக்கு. யாரோ அதைக் கூப்பிட்டு நிறுத்தின மாதிரி. யாருமே கூப்பிடலையே?

அக்கா இடுப்புல கைவெச்சு நின்னாங்க. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த ஒயரச் சொருகுனா ஓடுது. உருவுனா ஓடறதில்ல. இன்னிக்குத்தான் கவனிச்சேன். போன வருசம் வந்த உங்க ஆளும் சரி, நீங்களும் சரி, வந்ததும் மொத வேலையா அதைத்தான் சொருகறீங்க."

"அந்த ஒயருக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க்கா, அது சும்மா பேச்சுக் கேக்கறதுக்கு."

"சம்பந்தமில்லைன்னா உருவிட்டுப் பாருங்களே."

உருவிட்டுப் பாத்தேன். கம்ப்ரெசரைக் கழட்டி வெச்சுட்டு, போர்டை மட்டும் பத்து தடவை. எட்டு தடவை நின்னுச்சு.

எட்டு.

அக்கா பஸ் வர்ற வரைக்கும் கூட நின்னுட்டு, ஏர்றப்ப, "பாத்துப் போங்க கண்ணு"ன்னாங்க. சீட்டுல உட்கார்ந்து புளியம்பட்டி வரைக்கும் அழுதேன்.

ஜூன் 13, வியாழன்

கண்டுபிடிச்சாச்சு. கண்டுபிடிக்க என்ன இருக்கு, நானே வெச்சதுதான்.

லினக்ஸை எழுப்பறதுக்கு முன்னாடி பூட்லோடர் மூணு செகண்டு சும்மா நிக்கும். அதுக்குள்ள அந்த ஒயர் வழியா ஏதாவது ஒரு எழுத்து வந்தா, "சரி, இன்ஜினியர் வந்திருக்காரு"ன்னு வேலையை நிறுத்திட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும். எந்த எழுத்தா இருந்தாலும் சரி. ஒயர் மாட்டியிருந்தா லேப்டாப் அந்தக் கம்பியைப் பிடிச்சு வெச்சிருக்கும், அமைதியா இருக்கும். ஒயர் இல்லைன்னா அந்த முனை அந்தரத்துல தொங்குது. பக்கத்துல ஜெனரேட்டர் டமடமன்னா அது கிளப்பற மின்சார இரைச்சல் கம்பியில ஏறி, பூட்லோடருக்கு எழுத்து மாதிரிக் கேக்குது. அது நின்னுக்குது. ஆள் வரும்னு நாலரை மணி நேரம் நின்னுச்சு.

பெஞ்சுல இது சாகற வரைக்கும் வராது. நாங்க ஒயரை உருவறதே இல்லையே.

அந்த மூணு செகண்டு முன்னாடி கிடையாது. பழைய போர்டுல யாரையும் கேக்காம நேரா ஏறும். போன அக்டோபர்ல மாத்தியிருக்கு. மாத்தினது யாருன்னு பாத்தேன். பாக்காமலேயே தெரியும். "ஃபீல்டில் வசதிக்காக"ன்னு ஒரு குறிப்பு வேற எழுதி வெச்சிருக்கேன். கரூர்ல ஒரு தடவை செத்த போர்டுக்குள்ள போக வழியில்லாம ரெண்டு நாள் நாய் படாத பாடு பட்டேன். அதனாலதான் வெச்சேன். யாரா இருந்தாலும் வெச்சிருப்பாங்க.

யாரா இருந்தாலும்.

ஜூன் 14, வெள்ளி

லோகநாதன் சார்கிட்ட சொல்லிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னாரு.

"வேற யாருக்குத் தெரியும்?"

"மாராத்தா அக்காவுக்கு சார்."

"அந்தம்மா ஆபரேட்டர், அவங்க சொன்னா யாரு கேப்பாங்க. நீ நல்ல வேலை பண்ணியிருக்கே சசி, நிஜமாச் சொல்றேன். சத்தமில்லாம சரிபண்ணு. அடுத்த அப்டேட்ல போயிடட்டும். 'செயல்திறன் மேம்பாடு'ன்னு போட்டுக்கலாம்."

"அந்த ரிப்போர்ட் சார்? அவங்களை வேலையை விட்டு எடுக்கறாங்க."

"நூத்திநாப்பது சங்கத்துல நம்ம போர்டு இருக்கு. ஒண்ணுல ஒத்துக்கிட்டா நூத்திநாப்பதுலயும் கேப்பான். இங்கே முப்பத்திரண்டு பேர் சோறு திங்கறோம்." அப்புறம் குரலைத் தணிச்சு, "ஜூலை ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்"னாரு.

நான் எதுவும் பேசாம எந்திரிச்சு வந்துட்டேன். இதை எழுத வெக்கமா இருக்கு. என் சீட்டுல வந்து உட்கார்ந்து ஈமெயிலைப் பாத்துட்டிருந்தேன், ஏதோ வேலை பாக்கற மாதிரி.

வீட்டுல அம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன், அன்னூர் கல்யாணம் உட்பட. அவ தோசையைத் திருப்பிட்டே கேட்டா, "அவரு பேசறப்ப நீ என்ன வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? என்கிட்ட மட்டும் அந்த வாய் பேசறே!"

பதவின்னா எனக்கும் ஆசை இருக்கும்மா. ஒன்பது வருஷமாச்சு. எனக்குப் பின்னாடி வந்தவனுங்க ரெண்டு பேருக்குக் குடுத்தாச்சு. இதை அவகிட்ட சொல்லலை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் லீவு. பாசித் வீட்டுல பிரியாணி. அவன் பொண்டாட்டி வெச்ச தால்சாவுக்காகவே இன்னொரு தடவை சோறு வாங்கினேன்.

சாப்பிட்டு மாடியில நின்னப்ப சொன்னேன். அவன் தண்ணித் தொட்டி மேல விரலால ஒரு கோடு இழுத்துக் காட்டினான். "அந்தக் கம்பியை அந்தரத்துல விடாம இழுத்துப் பிடிக்க ஒரு ரெசிஸ்டர் இருந்துச்சு சசி. கடுகு சைசு. ரெண்டாவது டிசைன்ல இடம் பத்தலைன்னு நான்தான் எடுத்தேன். ஒயர் எப்பவும் மாட்டித்தானே இருக்கும்னு தோணிச்சு."

"உன் பெஞ்சுல."

"என் பெஞ்சுலதான்."

அப்புறம் அவன் சொன்னான், "எழுதறதுன்னா என் பேரையும் சேர்த்து எழுது. தனியாப் போய் தியாகி ஆகாதே." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாலு நாளைக்கு அப்புறம் சிரிச்சேன்.

ரெசிஸ்டர் இல்லாட்டியும் என் மூணு செகண்டு இல்லைன்னா மெஷின் ஓடியிருக்கும். அவனுக்கும் அது தெரியும். சொல்லலை, நல்லவன்.

ஜூன் 18, செவ்வாய்

வீட்டு மிக்ஸியை ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். இரைச்சல் வேணும், ஜெனரேட்டருக்கு எங்கே போறது? ஒயரை உருவிட்டு, போர்டுக்குப் பக்கத்துல மிக்ஸியை ஓட்டினா, பெஞ்சுலயே நின்னுச்சு! எட்டு மாசமா ஒரு நாளும் நிக்காத போர்டு. பக்கத்து டீம்ல எல்லாம் என்ன சட்னின்னு வந்து கேட்டாங்க.

அப்புறம் அமைப்பை மாத்தினேன். இனிமே நிக்கறதே கிடையாது, எவன் கூப்பிட்டாலும் காது குடுக்காம நேரா லினக்ஸை எழுப்பணும். இதுல எனக்கு நஷ்டம், கெட்டுப்போன போர்டுக்குள்ள போற என் கதவு அடைபட்டுது. போகட்டும். முந்நூறு தடவை மிக்ஸியோட ஓட்டிட்டேன், ஒரு தடவைகூட நிக்கலை. மிக்ஸிதான் சூடாயி வாசம் வந்துடுச்சு.

அம்மா சட்னியை அம்மியில அரைச்சுட்டு, என்கூடப் பேசலை.

ஜூன் 20, வியாழன்

நாளைக்கு லீவு கேட்டேன். லோகநாதன் சார் எதுக்குன்னு கேட்டாரு. செங்காட்டுப்புதூர் கமிட்டின்னு நேராவே சொன்னேன். கிடையாதுன்னாரு. கம்பெனி சார்பா பேச உனக்கு அதிகாரம் இல்லைன்னாரு. கம்பெனி சார்பா இல்லை சார், கையெழுத்து என்னோடதுன்னேன்.

போறேன்.

ஜூன் 21, வெள்ளி

சங்கத்து ரூமுல அஞ்சு பேரு. நடுவுல தலைவர் சென்னியப்பன், வெள்ளை வேட்டி, முன்னாடி என் ரிப்போர்ட். மாராத்தா அக்கா சுவரோரம் நின்னுட்டிருந்தாங்க. நாற்காலி இருந்துச்சு, உட்காரலை.

"இந்த ரிப்போர்ட்டை எழுதினது நானுங்க. இது தப்புங்க. காட்டறேன், ஜெனரேட்டர் போடச் சொல்லுங்க"ன்னேன்.

எல்லாரும் மெஷின்கிட்ட வந்தாங்க. ஒயர் சொருகலை. ஜெனரேட்டர் டமடமங்குது. ஆன் பண்ணினேன். பசுமாடு வந்துச்சு, அடுத்த நிமிஷம் ஜோரா ஓடிச்சு.

ஒருத்தர் கனைச்சாரு. இன்னொரு தடவைங்கன்னேன். ஆன் பண்ணினேன். அதுவும் ஓடிச்சு. "நல்லாத்தானுங்களே ஓடுது?"ன்னாரு தலைவர். அன்னிக்குப் பத்துக்கு எட்டு நின்ன சனியன், இன்னிக்குப் பாத்து யோக்கியம் காட்டுது! அக்கா பக்கம் திரும்பவே பயமா இருந்துச்சு.

மூணாவது தடவை. பசுமாடு வந்துச்சு, அப்படியே நின்னுச்சு. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். நான் கைக்கடிகாரத்தைக் காட்டிட்டே நின்னேன். நாலாவது தடவையும் நின்னுச்சு. அஞ்சாவதும்.

"இதாங்க அன்னிக்கு நடந்தது. கதவுல தட்டற சத்தம் கேட்டா, கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு 'யாரு?'ன்னு கேக்கச் சொல்லி நான் எழுதி வெச்சிருந்தேன். ஜெனரேட்டர் சத்தமே இதுக்குத் தட்டற சத்தமாக் கேட்டிருக்கு. ஆள் வரும்னு அங்கேயே உட்கார்ந்துக்குது. லினக்ஸே எந்திரிக்கலை, அதனாலதான் லாக் எழுதலை. லாக் இல்லைங்கறதை வெச்சு, இவங்க ஆன் பண்ணலைன்னு நான் எழுதிட்டேன். இவங்க அஞ்சு தடவை ஆன் பண்ணியிருக்காங்க. தப்பு எங்களோடது. அந்த அமைப்பை வெச்சது நான்."

புது அமைப்பை ஏத்தினேன். ஒயரை உருவினேன். கம்ப்ரெசரைக் கழட்டிட்டு இருபது தடவை போட்டேன், இருபதும் ஏறிச்சு. பத்தாவதுலேயே தலைவர் போதும்னாரு, நான்தான் விடலை.

மறுபடி ரூமுக்கு வந்தோம். தலைவர் என் ரிப்போர்ட்டை நாலா மடிச்சாரு. "அப்ப மாராத்தா மேல தப்பில்லீங்கறீங்க. சந்தோசமுங்க. மாராத்தா, நீ நாளையிலிருந்து எப்பவும்போல வந்துரு. இதை இத்தோட உட்டுரலாம்."

"வரமாட்டனுங்க"ன்னாங்க அக்கா.

ரூமே திரும்பிப் பாத்துச்சு.

"பாலைக் கொட்டறப்ப ஊரே நின்னு பாத்துச்சுங்க. மூணு வாரமா கடைக்குப் போனா, தூங்கிட்டாளாம் மாராத்தான்னு எம்முன்னாடியே பேசறாங்க. எம்மருமவன் ஊட்டுல கேட்டிருக்காங்க. இப்ப நீங்க அஞ்சு பேரு கதவச் சாத்திட்டு தப்பில்லீன்னா, அது இந்த ரூமுக்குள்ளதானுங்களே இருக்கும்? காலம்பர பால் ஊத்த எல்லாரும் வருவாங்க. அங்க சொல்லச் சொல்லுங்க. அப்பறம் வர்றேன்."

"யாரு சொல்றது?"ன்னாரு தலைவர்.

அக்கா என்னைக் கைகாட்டினாங்க. முகத்துல கொஞ்சங்கூட தயவு இல்லை. இருக்கவும் வேண்டாம்.

ராத்திரி அவங்க வீட்டுலயே தங்கிக்கச் சொன்னாங்க. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "நல்லா உரக்கப் பேசு, முணுமுணுக்காதே"ன்னா.

ஜூன் 22, சனி

காலை ஆறரை. தூக்குப்போசி, கேன், சைக்கிள், மொபெட். எண்பது பேராவது இருப்பாங்க. நான் பால் அளக்கற மேடையில ஏறி நின்னேன். மைக் கிடையாது.

ஆபீஸ் ரிவ்யூல ஸ்லைடு போட்டுப் பேசறதெல்லாம் பேச்சா? "நான் கோயமுத்தூர்லயிருந்து வர்றேன், இந்த மெஷின் செய்யற கம்பெனி. ஒண்ணாந்தேதி உங்க பால் கெட்டதுக்குக் காரணம் நான். மாராத்தா அக்கா இல்லை. அவங்க மேல தப்புன்னு விசாரிக்காம எழுதிக் குடுத்ததும் நான்தான்"னேன்.

ஒரு பெரியவரு கத்தினாரு, "கேக்கல, சத்தமாச் சொல்லு!"

திரும்பவும் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன்.

பின்னாடியிருந்து ஒரு பொம்பளை, "உங்க ஒருத்தியால எங்க பாலு மண்ணுல போச்சு, சொல்லிட்டாப் போச்சா?"ன்னு கேட்டா. இல்லைங்க, போகாதுன்னேன். கொஞ்ச நேரம் ஏச்சு விழுந்துச்சு. நின்னேன். நியாயமான ஏச்சு, வாங்கிக்கறதுல ஒண்ணும் குறைஞ்சு போகலை.

அப்புறம் அக்கா வந்தாங்க, கூட்டத்தை விலக்கிட்டு. மேடையில ஏறி, முந்தானையை இடுப்புல சொருகி, "வரிசையில நில்லுங்க! யாரு மொதல்ல?"ன்னாங்க. முதல் ஆளு கடைக்காரி போலிருக்கு, தலையைக் குனிஞ்சுட்டுத் தூக்குப்போசியை நீட்டினா. அவ நிமிந்து தன் முகத்தைப் பாக்கற வரைக்கும் அக்கா பாலை வாங்கலை.

ஜூன் 24, திங்கள்

லோகநாதன் சார் கத்துவாருன்னு தயாரா போனேன். கத்தலை. "டீம் லீடை மறந்துடு. விளக்கம் கேட்டு லெட்டர் வரும்"னாரு. அவரும் ராத்திரி தூங்கலை போல, கண்ணு செவந்திருந்துச்சு. பாவம்னு தோணிச்சு, கோவமும் வந்துச்சு.

நூத்திநாப்பது சங்கத்துக்கும் அப்டேட் இன்னிக்கே போகணும்னு ஒத்துக்கிட்டாரு, அதுல அவருக்கும் மறுபேச்சில்லை. கூடவே ஆபரேட்டருங்களுக்கு ஒரு மெசேஜ் போகும். அதை நான்தான் எழுதணும். அவரு சொன்ன வாசகம்: "செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது." முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதான்.

நான் எழுதினது:

"கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஆன் செய்யும்போது, படம் மட்டும் வந்து மெஷின் ஓடாமல் போயிருந்தால், அது உங்கள் தவறு அல்ல. போன அக்டோபரிலிருந்து எங்கள் அமைப்பில் தவறு இருந்தது. இப்போது சரி செய்துவிட்டோம். கேள்வி இருந்தால் கூப்பிடுங்கள். சசிரேகா, பாசித்." கீழே என் சொந்த நம்பர்.

பாசித் படிச்சுட்டு, "என் பேருக்கு முன்னாடி உன் பேரா?"ன்னான். சீனியாரிட்டின்னேன்.

மூணு ஐம்பதுக்கு அனுப்பிட்டேன். மூணு ஐம்பத்தஞ்சுக்கு லோகநாதன் சார் ரூம் கதவு திறந்துச்சு. மீதியை எழுத வேண்டாம். வேலை இன்னும் இருக்கு, இந்த மாசம் முடியற வரைக்குமாவது.

ஜூன் 25, செவ்வாய்

காலையில ஏழு மணிக்கெல்லாம் போன் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. முதல் ரெண்டு பேரு, "எங்க ஊர்லயும் மூணு தடவை நின்னுச்சு மேடம், பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லலை"ன்னாங்க.

மூணாவது ஒரு பொம்பளைக் குரல். தாராபுரம் பக்கம்னாங்க. பின்னாடி சின்னக் குழந்தை அழுகுது. மெசேஜ் அவங்க வீட்டுக்காரர் போனுக்கு வந்திருக்கு. எங்க லிஸ்டுல இன்னும் அவரு நம்பர்தான் ஆபரேட்டர்னு இருக்கு.

"அவரை பிப்ரவரியிலேயே நிறுத்திட்டாங்க மேடம். பால் கெட்டுப்போச்சுன்னு. ஆன் பண்ணலைன்னு கம்பெனியில எழுதிக் குடுத்தாங்களாம்."

எங்க கம்பெனிதான். வேற எந்தக் கம்பெனி? பிப்ரவரியில அதை எழுதினது யாருன்னு நான் தேடிப் பாக்கலை. பாப்பேன்.

"அவருகிட்ட குடுங்க"ன்னேன்.

"பேச மாட்டாரு மேடம். அதுக்கப்புறம் யாருகிட்டயும் அதைப்பத்திப் பேசறதில்ல. நீங்க அனுப்பினதைப் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. அப்படியே கட்டில்ல உட்கார்ந்திருக்காரு."

தப்பாயிடுச்சுங்கன்னு ஆரம்பிச்சேன், அந்தம்மா குறுக்கே பேசினாங்க.

"அதெல்லாம் வேண்டாம் மேடம். அவரு தூங்கிட்டாருன்னுதான் நானும் நெனச்சேன். நானே அவரை அப்படிக் கேட்டுட்டேன், இந்த நாலு மாசமா கேட்டுட்டே இருந்தேன்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பாத்துட்டு, எரியற அடுப்பை அணைச்சா.

"ஸ்பீக்கர்ல போடுங்க"ன்னேன்.

போட்டாங்க போல, ஃபேன் ஓடற சத்தம் கேட்டுச்சு. அவரு பேரு கேக்க மறந்துட்டேன். "அண்ணா, நான் சசிரேகா பேசறேன். நீங்க ஆன் பண்ணினீங்க. எனக்குத் தெரியும்"னேன்.

குழந்தை அழறது நின்னுச்சு. அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல்.

"ஏழு தடவ பண்ணேன்ங்க"ன்னாரு.